எல்லாக் கால சிம் லீக்: சென்டர்களை எந்த வரிசையில் எடுப்பது?

பெட்டிக்கணக்கு

இது எல்லாக் காலக் கூடைப்பந்து வீரர்களையும் வைத்துக் கணினியில் ஆட்டங்களை ஓட்டும் சிம் லீக். டிராஃப்ட் (அணிகள் முறை வைத்து வீரர்களை எடுப்பது) தொடங்குவதற்குள் சென்டர் (கூடைப் பக்கம் ஆடும் உயரமான வீரர்) வரிசையைப் பேசித் தீர்த்துவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விதிகள்: 12 அணிகள். முதல் சுற்று மேலிருந்து கீழே, அடுத்த சுற்று கீழிருந்து மேலே. ஒரு வீரருக்கு ஒரே ஒரு என்.பி.ஏ. சீசன், எந்த சீசன் என்பதை எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். எஞ்சின் (ஆட்டத்தை ஓட்டும் நிரல்) பொசெஷன் (ஓர் அணி கையில் பந்து இருக்கும் ஒரு முறை) கணக்கில் ஓடுகிறது. எறிதல் திறனை அந்த வருட லீக் சராசரியோடு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளும், பேஸை (ஓர் ஆட்டத்தில் அணிக்கு வரும் பொசெஷன் எண்ணிக்கை) 100 பொசெஷனுக்குச் சமன் செய்யும், ஃப்ரீ த்ரோ (ஃபௌலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) விகிதத்தை மட்டும் தொடாது. காயம் உண்டு: 60 ஆட்டம் ஆடிய சீசனை எடுத்தால் உங்களுக்கும் அந்த அளவுதான் கிடைப்பார்.

என் வரிசை இது:

1. வில்ட் சேம்பர்லேன் 1966-67
2. நிக்கோலா யோக்கிச் 2022-23
3. கரீம் அப்துல்-ஜப்பார் 1971-72
4. ஹக்கீம் ஒலாஜுவான் 1992-93
5. டேவிட் ராபின்சன் 1993-94
6. ஷகீல் ஓ'நீல் 1999-2000
7. பேட்ரிக் யூயிங் 1989-90
8. ஜோயல் எம்பீட் 2022-23
9. மோசஸ் மலோன் 1981-82
10. கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் 2017-18
11. பில் வால்டன் 1976-77
12. பில் ரஸ்ஸல் 1963-64

இது வரலாற்றில் யார் பெரியவர் என்ற பட்டியல் இல்லை. நம் எஞ்சினில் யார் அதிக ஆட்டம் ஜெயித்துத் தருவார் என்பது மட்டும்தான் கேள்வி. 13 சீசனில் 11 கோப்பை வாங்கிய ரஸ்ஸல் 12-ஆவதாக இருப்பதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம், அதற்கான காரணத்தைப் பேசுவோம்.

நெட்டைக்கொக்கு

வில்ட் முதல் இடம் சரி. ஆனால் சீசன் ஏன் 1966-67? 1961-62 சும்மா கிடக்கும்போது? ஆட்டத்துக்கு 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் பந்தைப் பிடிப்பது), 48.5 நிமிடம். மாற்று சென்டரே தேவையில்லை. 24 புள்ளி எடுத்த வருடத்தை எதற்கு எடுக்கணும்?

பெட்டிக்கணக்கு

@நெட்டைக்கொக்கு 50 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1961-62-இல் லீக் பேஸ் சுமார் 126. எஞ்சின் அதை 100-க்கு இறக்கும்போது 50.4 என்பது 40 ஆகிறது. அதுவும் 48.5 நிமிடத்துக்கு. 40 நிமிடக் கணக்கில் 33. ஷக்கின் 1999-2000-ஐ அதே வழியில் போடுங்கள்: 29.7 புள்ளி, 40 நிமிடம், பேஸ் 93.1. சமன் செய்தால் 32 வருகிறது. புள்ளி எடுக்கும் வேகத்தில் இரண்டு பேருக்கும் இடையே பெரிய தூரம் இல்லை.

இனி திறன். வில்ட் அந்த வருடம் 3,159 முறை எறிந்து 1,597 போட்டார், 1,363 ஃப்ரீ த்ரோவில் 835. மொத்தம் 4,029 புள்ளி. ட்ரூ ஷூட்டிங் (ஃப்ரீ த்ரோவையும் சேர்த்த எறிதல் திறன்) 0.536. லீக் சராசரி 0.479. ஆக சதவீதக் கணக்கில் +5.7. ஷக் 0.578, அந்த வருட லீக் 0.523, ஆக +5.5. ஏறத்தாழ ஒரே ஆள்.

1966-67 வேறு விஷயம். 1,150 எறிதலில் 785. அதாவது 68.3 சதவீதம். 875 ஃப்ரீ த்ரோவில் 386 மட்டும் போட்டும் ட்ரூ ஷூட்டிங் 0.637. லீக் சராசரி 0.49-க்குப் பக்கம். +14! மேலே உள்ள 12 பேரில் இந்த அளவுக்கு யாரும் இல்லை. யோக்கிச்சின் 2022-23 கூட 0.701 – 0.581 = +12.

மூன்றாம்_கால்பகுதி

இதில் யூசேஜையும் (அணியோட பொசெஷன்ல ஒருத்தர் எடுத்துக்கிற பங்கு) சேர்த்துப் பார்க்கணும், அங்கேதான் புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டிக்கிறாங்க. 1961-62 வில்ட் ஆட்டத்துக்கு 39.5 தடவை எறிஞ்சார். அணியோட எறிதல்ல மூணுல ஒரு பங்குக்கு மேல. 1966-67-ல 14.2 தடவை, ஏழுல ஒரு பங்கு. நம்ம லீக்ல ஒவ்வொரு அணிலயும் அஞ்சு பேரும் நிஜத்துல அவங்கவங்க அணிக்கு முதல் ஆயுதம். அஞ்சு பேரோட யூசேஜைக் கூட்டினா 140, 150 வரும். எஞ்சின் அதை 100-க்கு அமுக்கும். 36 சதவீதக்காரர் 25-க்கு இறங்குவார். அந்த இறக்கத்துக்காகத் திறன் கொஞ்சம் ஏறும், ஆனா +5.7-ஐ +14 ஆக்காது. 14 தடவை எறியறவருக்கோ ஒண்ணுமே குறையாது. 24 ரீபவுண்ட், 7.8 அசிஸ்ட் (மத்தவங்க புள்ளி எடுக்கப் பந்து கொடுக்கிறது) அப்படியே நிக்கும். பந்தைக் கேட்காத சென்டர்தான் இந்த எஞ்சின்ல தங்கம்.

அதனால டிராஃப்ட் பக்கத்துல புள்ளி நெடுவரிசையை மறைச்சிட்டு வரிசைப்படுத்திப் பாருங்க. ட்ரூ ஷூட்டிங் வித்தியாசம், ரீபவுண்ட் பங்கு, பிளாக் (எதிரணி எறியறதைத் தடுக்கிறது), டர்னோவர் (பந்தை எதிரணிகிட்ட இழக்கிறது), மொத்த நிமிஷம். இந்த அஞ்சு போதும்.

நெட்டைக்கொக்கு

சரி, ஒத்துக்கறேன். ஆனா ஃப்ரீ த்ரோ? 44.1 சதவீதம். எதிரணி வேணும்னே அவரைப் பிடிச்சு ஃபௌல் பண்ணிக்கிட்டே இருந்தா?

ரீபவுண்டு_ராணி

கணக்கு சின்னதுதான். ஒரு முறை பிடித்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதிலிருந்து எதிர்பார்க்கும் புள்ளி 2 × விகிதம்.

ஷக் 1999-2000: 0.524, எனவே 1.05 புள்ளி.
வில்ட் 1966-67: 0.441, எனவே 0.88.
வில்ட் 1967-68: 0.380, எனவே 0.76.
ஆண்ட்ரே டிரம்மண்ட் 2015-16: 0.355, எனவே 0.71.

நம் லீக்கில் சாதாரணப் பொசெஷன் 1.05-இலிருந்து 1.10 வரை. ஆகவே ஷக்கைப் பிடிப்பதில் எதிரணிக்கு லாபமே கிடையாது. வில்ட்டைப் பிடித்தால் தடவைக்கு 0.2 புள்ளி போகும். தவறிய ஃப்ரீ த்ரோவில் சிலதை நம் ஆட்களே எடுத்துவிடுவதால் உண்மையான இழப்பு அதைவிடக் குறைவு. ஓர் ஆட்டத்தில் ஆறு தடவை பிடித்தாலும் ஒரு புள்ளிக்குச் சற்று மேல். டிரம்மண்டுக்குத் தடவைக்கு 0.35-க்கு மேல், அங்கே வலிக்கும்.

இன்னொரு விஷயம். ட்ரூ ஷூட்டிங்கில் ஃப்ரீ த்ரோ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 0.637 என்று சொல்லும்போதே அந்த 44.1 சதவீதத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் சொல்கிறோம். திரும்பவும் அதற்காக மதிப்பைக் குறைத்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். நம் லீக் 2016-17-க்குப் பிந்தைய விதியில் ஓடுகிறது. ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்திலும் பந்து இல்லாதவரைப் பிடித்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் திரும்பக் கிடைக்கும். ஆபத்து அதற்கு முந்தைய நிமிடங்களில். எனவே நான்காம் கால்பகுதி, மீதி 5 நிமிடத்திலிருந்து 2 நிமிடம் வரை, நாம் முன்னிலையில் இருந்தால் மாற்று சென்டர் உள்ளே வருமாறு அமைப்பை வைத்துவிடுங்கள். கடைசி 2 நிமிடத்துக்கு வில்ட் திரும்பி வரலாம்.

பலகைப்பந்து

கரீமின் சீசன் தவறு என்று நினைக்கிறேன். 1971-72 பெயருக்குப் பெரியது: 34.8 புள்ளி, 16.6 ரீபவுண்ட், 44.2 நிமிடம், ட்ரூ ஷூட்டிங் 0.603, லீக்கைவிட +10. ஆனால் என்.பி.ஏ. பிளாக்கையும் ஸ்டீலையும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) எழுதத் தொடங்கியதே 1973-74-இல்தான். தாக்குதல் ரீபவுண்ட், தடுப்பு ரீபவுண்ட் என்று பிரித்ததும் அதே வருடம். டர்னோவர் 1977-78-இலிருந்து. அதற்கு முந்தைய சீசனை எடுத்தால் இவற்றையெல்லாம் எஞ்சின் ஊகித்து நிரப்புகிறது. உயரம், இடம், ரீபவுண்ட், அணி விட்டுக்கொடுத்த புள்ளி ஆகியவற்றிலிருந்து வருகிற ஊகம் எப்போதும் சராசரியை நோக்கி இழுக்கும். உச்சத்தில் இருப்பவருக்குத்தான் அதில் நஷ்டம்.

கரீமுக்கு அளந்த எண்ணே இருக்கிறது. 1975-76: 27.7 புள்ளி, 16.9 ரீபவுண்ட், 5.0 அசிஸ்ட், 4.1 பிளாக், 41.2 நிமிடம், 82 ஆட்டம். அந்த வருடம் 1,111 தடுப்பு ரீபவுண்ட். எறிதல் 52.9 சதவீதத்துக்கு இறங்குகிறது, அது உண்மை. நடுவழி வேண்டுமென்றால் 1976-77: 26.2 புள்ளி, 13.3 ரீபவுண்ட், 3.2 பிளாக், 57.9 சதவீதம், 82 ஆட்டம்.

என் தேர்வு 1976-77. 1971-72-இன் ஊகப் பிளாக் 3-க்குக் கீழே இருந்தால், கூடுதல் புள்ளி அதை ஈடுகட்டாது. ஏனென்றால் அந்தக் கூடுதல் புள்ளியை யூசேஜ் அமுக்குதல் எப்படியும் தின்றுவிடும்.

பெட்டிக்கணக்கு

@பலகைப்பந்து நியாயமான வாதம். வீரர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்: எஞ்சின் 1971-72 கரீமுக்கு 3-க்குக் கீழேதான் பிளாக் போட்டிருக்கிறது. வரிசையில் 1976-77 என்று மாற்றுகிறேன், இடம் மூன்றேதான்.

வில்ட்டுக்கு மட்டும் இந்த வசதி இல்லை, அவர் 1972-73-உடன் ஓய்வு பெற்றுவிட்டார். ரஸ்ஸலுக்கும் இல்லை, 1968-69 அவருக்குக் கடைசி. அவர்களுக்கு ஊகத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

மூன்றாம்_கால்பகுதி

ரஸ்ஸலோட பிரச்சினையே அதுதான். அவரோட முழு மதிப்பும் யாரும் எழுதி வைக்காத நெடுவரிசைல இருக்கு. எழுதினதைப் பார்த்தா வாழ்நாள் எறிதல் 44 சதவீதம், ஃப்ரீ த்ரோ 56.1, 15.1 புள்ளி, 22.5 ரீபவுண்ட். எஞ்சின் கண்ணுக்கு அவர் சராசரியா எறிஞ்சு நிறைய ரீபவுண்ட் எடுக்கிற ஒருத்தர். அப்புறம் அந்த ரீபவுண்ட் எண்ணையும் காலத்துக்கு ஏத்த மாதிரி குறைச்சிடும்.

எடுக்கிறதுக்கு முன்னாடி வீரர் பக்கத்துல ஊகப் பிளாக் எவ்வளவுன்னு பாருங்க. 4-க்கு மேல இருந்தா நாலாவது சுற்றுலயே எடுக்கலாம். 3-க்குக் கீழே இருந்தா எட்டாவது சுற்றுக்கு முன்னாடி தொடாதீங்க. இது ரஸ்ஸலைப் பத்தின தீர்ப்பு இல்ல, அந்தக் காலத்துப் பதிவேட்டைப் பத்தினது. அவர் ஆடினதை எண்ணி வெச்சிருந்தா அவர் இந்த வரிசைல எங்கே இருந்திருப்பார்னு எல்லாருக்கும் தெரியும்.

நெட்டைக்கொக்கு

ரீபவுண்டை எப்படிக் குறைக்குது? 25.7-னா 25.7 தானே?

ரீபவுண்டு_ராணி

1961-62-இல் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 71.4 ரீபவுண்ட். இரண்டு அணிக்கும் சேர்த்து 143. எறிதல் அதிகம், தவறுவதும் அதிகம், லீக் முழுக்க 42.6 சதவீதம்தான் போட்டார்கள். வில்ட் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் களத்தில் இருந்தார், எனவே 25.7 ÷ 143 = 18 சதவீதம். அந்தப் பருவங்களின் அணி மொத்தத்தில் யார் பெயருக்கும் எழுதாத ரீபவுண்டுகளும் கலந்திருக்கின்றன. அதைக் கழித்தால் 18 இன்னும் கொஞ்சம் ஏறும்.

டிரம்மண்ட் 2015-16: 32.9 நிமிடத்தில் 14.8. அணிச் சராசரி 43.8. அவர் களத்தில் இருந்த நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய ரீபவுண்ட் 87.6 × 32.9 ÷ 48 = 60. அதில் 14.8 என்றால் 24.7 சதவீதம்.

எஞ்சின் பயன்படுத்துவது இந்தப் பங்கைத்தான். அதனால் பழைய சீசனின் 20, 25 ரீபவுண்டைப் பார்த்து இரண்டு புதிய சென்டருக்குச் சமம் என்று கணக்குப் போடாதீர்கள். 18, 20 சதவீதமும் மிக நல்ல பங்குதான். வானத்திலிருந்து குதித்ததில்லை, அவ்வளவே.

மோசஸ் மலோனுக்கு வருகிறேன். அவருடைய சீசனையும் மாற்றணும். 1981-82-இல் 31.1 புள்ளி, 14.7 ரீபவுண்ட். 1978-79-இல் 24.8 புள்ளி, 17.6 ரீபவுண்ட், அதில் 587 தாக்குதல் ரீபவுண்ட். ஒரு சீசனில் அதைவிட அதிகம் யாரும் எடுத்ததில்லை. மொத்த 1,444-இல் 40 சதவீதத்துக்கு மேல் எதிரணிக் கூடையின் கீழ் எடுத்தவை. ஆட்டத்துக்கு 7.2. ஒவ்வொன்றும் நமக்கு ஒரு புதிய பொசெஷன். அணியில் மற்ற நால்வரும் நிறைய எறிந்து நிறையத் தவறவிடும் கார்டுகள் (வெளிச்சுற்றில் ஆடுபவர்கள்) என்றால், மோசஸ் 1978-79 அவர்களுக்குப் பின்னால் நின்று மறுபடி பந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பார். யூசேஜும் குறைவு. 31 புள்ளி சீசனை நம் லீக்கில் யாரும் எடுக்கக் கூடாது என்பேன்.

அரைக்களம்

யோக்கிச் பற்றி யாரும் பேசலையே. தடுப்பாட்டத்தில் எஞ்சின் அவரை எவ்வளவு தண்டிக்கும்?

பலகைப்பந்து

நினைப்பதைவிடக் குறைவாகத்தான். சென்டரின் தடுப்பு மதிப்பு இந்த எஞ்சினில் பிளாக், தடுப்பு ரீபவுண்ட், ஸ்டீல், ஃபௌல், பிறகு நிஜ அணியின் தடுப்பில் ஒரு பங்கு என்று ஐந்திலிருந்து வருகிறது. யோக்கிச்சுக்குப் பிளாக் ஒன்றுக்கும் கீழே. ஆனால் தடுப்பு ரீபவுண்டும் ஸ்டீலும் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கின்றன. தாக்குதலில் 24.5 புள்ளி, 9.8 அசிஸ்ட், 63.2 சதவீத எறிதல், 38.3 சதவீத மும்முனை (மூன்று புள்ளி எறிதல்), 82.2 சதவீத ஃப்ரீ த்ரோ. சென்டரிடமிருந்து 10 அசிஸ்ட் வரும்போது பாயிண்ட் கார்டை எறிபவராகவோ தடுப்பவராகவோ தேர்ந்தெடுக்க உங்களுக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. அவரோடு நான்காம் இடத்தில் (பவர் ஃபார்வர்டு) பிளாக் செய்கிற ஒருவரை நிறுத்திவிட்டால் ஓட்டை அடைபடும்.

என் மறுப்பு சீசனில்தான். 2022-23-இல் 69 ஆட்டம், 33.7 நிமிடம், மொத்தம் சுமார் 2,320 நிமிடம். 2023-24-இல் 79 ஆட்டம், 34.6 நிமிடம், மொத்தம் சுமார் 2,730. புள்ளி 26.4, ரீபவுண்ட் 12.4, அசிஸ்ட் 9.0. திறன் சற்றுக் குறைவு, ஆனால் 400 நிமிடம் கூடுதல். காயம் என்ற அமைப்பு திறந்திருக்கும் லீக்கில் 400 நிமிடம் என்பது பத்துக்கு மேற்பட்ட ஆட்டம்.

2024-25-ஐயும் பார்க்கலாம். 29.6, 12.7, 10.2, மும்முனை 41.7 சதவீதம், 70 ஆட்டம், 36.7 நிமிடம். யூசேஜ் அமுக்குதலில் அந்த 29.6 கொஞ்சம் வீணாகும்.

பெட்டிக்கணக்கு

வில்ட் 1966-67 மொத்தம் 3,682 நிமிடம். யோக்கிச்சுக்கும் அவருக்கும் ஏறத்தாழ 950 நிமிட இடைவெளி. அதை நிரப்புவது 11-ஆம் சுற்றில் எடுத்த மாற்று சென்டர். நான் வில்ட்டை மேலே வைத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். யோக்கிச் 2023-24 என்று திருத்துகிறேன்.

அரைக்களம்

ஹக்கீமுக்கு 1993-94 ஏன் இல்லை? எம்.வி.பி. (மிகச் சிறந்த வீரர் விருது), சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதிச்சுற்று எம்.வி.பி. மூன்றும் ஒரே வருடம் வாங்கியது.

பெட்டிக்கணக்கு

விருது எஞ்சினுக்குத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1993-94: 27.3 புள்ளி, 11.9 ரீபவுண்ட், 3.7 பிளாக், ஃப்ரீ த்ரோ 71.6. 1992-93: 26.1, 13.0, 4.2 பிளாக், 1.8 ஸ்டீல், ஃப்ரீ த்ரோ 77.9, 82 ஆட்டம். எறிதல் விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, 52.8-உம் 52.9-உம். ஒரு புள்ளி குறைந்து மற்ற எல்லாம் ஏறுகிறது. 1988-89-இல் 282 பிளாக், 213 ஸ்டீல் எடுத்தார்; ஒரே சீசனில் இரண்டிலும் 200 தாண்டியவர் அவர் ஒருவர்தான். தடுப்புக்கு மட்டும் சென்டர் வேண்டுபவர் அந்த வருடத்தைப் பார்க்கலாம்.

ஹக்கீமின் குறை திறன்தான். 1992-93-இல் லீக்கைவிட +4 அளவு. வில்ட், யோக்கிச், கரீம் பக்கத்தில் வராது. தடுப்பாட்டத்தால் மட்டும் நான்காவது.

மூன்றாம்_கால்பகுதி

யூயிங்கை ஏழாவதா வெச்சது அநியாயம். 1989-90: 28.6 புள்ளி, 10.9 ரீபவுண்ட், 4.0 பிளாக், 55.1 சதவீதம், ஃப்ரீ த்ரோ 77.5, 82 ஆட்டமும் ஆடினார். ட்ரூ ஷூட்டிங் 0.60-க்கு ஒட்டி, லீக்கைவிட +6. எஞ்சின் பார்க்கிற ஒவ்வொரு நெடுவரிசைலயும் ஓட்டையே இல்லை, அசிஸ்ட் மட்டும் குறைவு. ராபின்சன் 1993-94-ல 29.8 புள்ளி, 4.8 அசிஸ்ட், 3.3 பிளாக், எறிதல் 50.7. எனக்கு யூயிங் அஞ்சு, ராபின்சன் ஆறு. அணில ஏற்கெனவே பந்து கொடுக்க ஆள் இருந்தா யூயிங் நாலு கூட.

ரீபவுண்டு_ராணி

ராபின்சனுக்கும் வேறு சீசன் இருக்கிறது. 1995-96: 25.0, 12.2, 3.3 பிளாக், 82 ஆட்டம். 1991-92 இன்னும் கூர்மை: 23.2, 12.2, 4.5 பிளாக், 2.3 ஸ்டீல், 55.1 சதவீதம். ஆனால் 68 ஆட்டம்தான். காயம் மூடியிருந்தால் யோசிக்காமல் 1991-92. நம் லீக்கில் 1995-96.

அரைக்களம்

டவுன்ஸ் வால்டனுக்கு மேலேயா?

பெட்டிக்கணக்கு

வால்டன் 1976-77: 18.6, 14.4, 3.8 அசிஸ்ட், 3.2 பிளாக். நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தால் இந்தப் பட்டியலின் மேல் பாதியில் நிற்பவர். 65 ஆட்டம், 34.8 நிமிடம், மொத்தம் 2,260 சொச்சம். அதோடு பிளே-ஆஃபுக்கு அவர் உடம்பு நன்றாக இருக்குமா என்பதையும் எஞ்சின் பகடை போட்டுத்தான் முடிவு செய்யும்.

டவுன்ஸ் 2017-18: 82 ஆட்டம், 21.3 புள்ளி, 12.3 ரீபவுண்ட், மும்முனை 42.1, ஃப்ரீ த்ரோ 85.8. லீக்கைவிட +9. பந்தை அதிகம் கேட்க மாட்டார். பிளாக் 1.4 என்பதுதான் குறை. ஒன்றைக் கவனிக்கணும்: நம் எஞ்சினில் மும்முனை எறிகிற சென்டர் இருப்பதால் மற்றவர்களுக்குக் கூடைப் பக்கம் இடம் திறப்பது என்ற கணக்கு இல்லை. அவர் போடுகிற புள்ளிக்கு மட்டும்தான் மதிப்பு. நிஜ ஆட்டத்தில் பாதி மதிப்பே அந்த இடம் திறப்பில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு உள்ள எஞ்சினாக இருந்தால் டவுன்ஸ் 7, 8 வரை ஏறியிருப்பார்.

நெட்டைக்கொக்கு

இந்த வரிசை சரியான்னு சோதிச்சுப் பார்க்க முடியுமா? ஒரே அணில சென்டரை மட்டும் மாத்தி ஓட்டினா தெரிஞ்சிடுமே.

பலகைப்பந்து

முடியும், ஆனால் ஒரு சீசன் ஓட்டி முடிவு சொல்லக் கூடாது. ஓர் ஆட்டத்தின் புள்ளி வித்தியாசம் அணியின் உண்மையான பலத்திலிருந்து 12, 13 புள்ளி வரை சிதறும். 82-இன் வர்க்கமூலம் 9. எனவே ஒரு சீசனின் சராசரி வித்தியாசமே 1.4 புள்ளி இப்படியும் அப்படியும் ஆடும். இரண்டு சென்டரை ஒப்பிடும்போது பிழை 2 புள்ளியாகிறது. ஹக்கீமுக்கும் ராபின்சனுக்கும் நிஜ இடைவெளி ஒரு புள்ளிகூட இருக்காது. ஒரு சீசனில் எதுவும் தெரியாது.

செய்முறை: மற்ற 11 பேரையும் நிமிட அமைப்பையும் பூட்டிவிடுங்கள். காயத்தை மூடுங்கள். ஒவ்வொரு சென்டருக்கும் குறைந்தது 25 சீசன். அப்போது பிழை 0.4-க்கு இறங்கும். ஜெயித்த எண்ணிக்கையைப் பார்க்காமல் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். 82 ஆட்டத்தில் ஒரு புள்ளி என்பது தோராயமாக இரண்டரை வெற்றிக்குக் கொஞ்சம் மேல். பிறகு காயத்தைத் திறந்து மறுபடி அதே 25. இரண்டு பட்டியலுக்கும் இடையே எம்பீடும் வால்டனும் எவ்வளவு கீழே போகிறார்கள் என்று பார்த்தால், காயத்தின் விலை கையில் கிடைத்துவிடும். எம்பீடின் 2022-23 கூட 66 ஆட்டம்தான். 33.1 புள்ளி, ஃப்ரீ த்ரோ 85.7 என்று மயங்க வேண்டாம்.

முக்கியமாக, சோதிக்கிற அணியின் மற்ற நால்வர் உங்கள் டிராஃப்டில் வரக்கூடிய ஆட்களாக இருக்கட்டும். சராசரி ஆட்களை நிறுத்திச் சோதித்தால் யூசேஜ் 100-ஐத் தாண்டவே தாண்டாது, 1961-62 வில்ட் முதலிடம் வந்து நிற்பார். அது தவறான பாடம்.

அரைக்களம்

எந்தச் சுற்றில் எடுக்கணும்? முதல் சுற்றிலேயே சென்டரா?

மூன்றாம்_கால்பகுதி

முதல் மூணு பேருக்கு மட்டும். அதுக்கப்புறம் ஹக்கீம்லேர்ந்து மோசஸ் வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் ஒட்டி நிக்கிறாங்க. 12 அணிக்கு 12 சென்டர். கடைசியா எடுக்கிறவருக்கும் டவுன்ஸோ மோசஸோ கிடைப்பார். அதனால முதல் மூணும் போயிட்டா அவசரமே வேணாம், விங் ஆளுங்களை (பக்கவாட்டுல ஆடறவங்க) பிடிங்க, அஞ்சாவது சுற்றுல வந்து மிச்சத்தைப் பாருங்க. 12 பேர் போன பிறகு மட்டும் சட்டுனு விழும். ஒரு அணி ரெண்டு சென்டரை எடுத்து நாலாவது இடத்துலயும் நிறுத்தினா அந்த விழுதல் சீக்கிரம் வரும், டிராஃப்ட் நடக்கும்போது எண்ணிக்கிட்டே இருங்க.

ரீபவுண்டு_ராணி

ஃபௌல் பற்றி யாரும் சொல்லவில்லை. வில்ட் வாழ்நாளின் 1,045 ஆட்டத்தில் ஒன்றில்கூட ஆறு ஃபௌலோடு வெளியேறவில்லை. மோசஸ் தொடர்ந்து 1,212 ஆட்டம் அப்படி. எஞ்சின் இதை நிமிடத்துக்கு ஃபௌல் என்று எடுத்துக்கொள்கிறது, எனவே இவர்கள் இருவரையும் 42 நிமிடத்துக்கு அமைத்தாலும் தாங்குவார்கள். மனூட் போல் 1985-86-இல் 26.1 நிமிடத்தில் 5.0 பிளாக் என்று பார்த்து 36 நிமிடத்துக்கு வைத்தால் ஃபௌலிலேயே மூன்றாம் கால்பகுதியில் வெளியே போய்விடுவார். நிஜ நிமிடத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் யாரையும் ஏற்றாதீர்கள், அதற்கு மேல் களைப்பும் திறனைக் குறைக்கும்.

நெட்டைக்கொக்கு

மாற்று சென்டருக்கு யார்? யோக்கிச்சை எடுத்தா 13 நிமிஷம் காலியா இருக்கே.

பெட்டிக்கணக்கு

யோக்கிச்சுக்குப் பின்னால் பிளாக் வேண்டும். மார்க் ஈட்டன் 1984-85: 456 பிளாக், ஆட்டத்துக்கு 5.6. எறிதல் 44.9 சதவீதம், புள்ளி 9.7 என்பதால் முன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள், பத்தாம் சுற்றில் கிடைப்பார். வெளிச்சுற்றில் எறியத் தெரிந்தவர் வேண்டுமென்றால் புரூக் லோபஸ் 2018-19: மும்முனை 36.5, பிளாக் 2.2, ஆனால் 4.9 ரீபவுண்ட். அவரை நிறுத்தினால் நான்காம் இடத்தில் ரீபவுண்ட் எடுப்பவர் கட்டாயம்.

வில்ட்டுக்குப் பின்னால் நேர்மாறு, ஃப்ரீ த்ரோ போடுபவர் வேண்டும், @ரீபவுண்டு_ராணி சொன்ன அந்த மூன்று நிமிடத்துக்காக. ஆர்விடாஸ் சபோனிஸ் 1995-96. 23.8 நிமிடத்தில் 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்ட், 54.5 சதவீத எறிதல், ஃப்ரீ த்ரோ 75.7, 73 ஆட்டம். என்.பி.ஏ.வுக்கு வந்தபோதே வயது 30 தாண்டிவிட்டது, அதனால் மொத்த எண்களை வரிசைப்படுத்தினால் மிகக் கீழே தெரிவார். நிமிட வாரியாக வரிசைப்படுத்துங்கள்.

பலகைப்பந்து

சபோனிஸை 36 நிமிடத்துக்கு ஏற்றி முதல் சென்டராக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், 10 சதவீத விதி அங்கேயும் உண்டு. 26 நிமிடம் வரை போங்கள். மீதிக்கு ருடி கோபேர் 2018-19: 15.9 புள்ளி, 12.9 ரீபவுண்ட், 2.3 பிளாக், 66.9 சதவீதம், 81 ஆட்டம், யூசேஜ் மிகக் குறைவு. இருவரையும் ஏழாம், எட்டாம் சுற்றில் எடுத்து 26-உம் 22-உமாகப் பிரித்தால், முதல் ஆறு சுற்றையும் மற்ற இடங்களுக்கே செலவழித்த அணியாகலாம். சோதனையில் இந்த ஜோடியை யூயிங்குக்கு எதிராக ஓட்டிப் பாருங்கள், இடைவெளி எத்தனை புள்ளி என்று இங்கே போடுங்கள்.